தண்ணியில ஓடுற டவுன் பஸ்!

செமஸ்டரோட கடைசிப் பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலமே கேன்டீன்ல அந்தப் பேச்சு ஆரம்பிச்சுடும். ‘எங்கயாச்சும் கெளம்பணும்டா மச்சான்!’ ஒருத்தன் கோவா என்பான். இன்னொருத்தன் பர்ஸைத் தடவிப் பார்த்துட்டு சைலன்ட் ஆயிடுவான். ‘ஆலப்புழா போனா என்னப்பா... போட் ஹவுஸ்ல?’ என்று ஒரு குரல் வரும். வாடகை எவ்வளவுன்னு மொபைல்ல பார்த்ததும், ஆறிப்போன டீயை அப்படியே வெச்சுட்டு மொத்த கேங்கும் கலைஞ்சுடும்.

கலையாதீங்க பாஸ், உட்காருங்க! ஆலப்புழா ஒண்ணும் காஸ்ட்லி ஊர் இல்லை. போட் ஹவுஸ்தான் காஸ்ட்லி. ரெண்டையும் ஒண்ணா நினைக்கிறதுலதான் நம்ம பட்ஜெட் கவுந்துபோகுது. அந்த ஊர்க்காரங்க ஆபீஸுக்கும் ஸ்கூலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தினமும் போறது கவர்ன்மென்ட் போட்டுல. அதே காயல், அதே தென்னை, அதே கொக்கு. டிக்கெட் மட்டும் டவுன் பஸ் ரேட்! அந்த போட்டை நம்பி ஒரு டூர் போடுறது எப்படின்னு பார்ப்போம் வாங்க.

கால்வாய் வெட்டினது நம்ம பக்கத்து ஆளு!

ஆலப்புழாவை ‘கிழக்கின் வெனிஸ்’னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. அப்படிப் பேர் வெச்சது கர்சன் பிரபுன்னு ஊர்ல சொல்வாங்க. ஆனா, இந்த ஊரை ஒரு துறைமுக நகரமா வளர்த்தெடுத்தவர் 18-ம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ். பிறந்தது இப்போதைய கன்னியாகுமரி மாவட்டத்தில், வில்லுக்குறி பக்கம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் காயல். உள்நாட்டிலிருந்து மிளகும் தேங்காயும் வள்ளத்தில் வந்து கடற்கரையில் கப்பல் ஏற வேண்டும். அதுக்காக ஊருக்கு நடுவே வெட்டின கால்வாய்கள்தான் இன்னிக்கும் பாலம் பாலமா நீங்க தாண்டிப் போறவை. ரசிக்கறதுக்காக வெட்டினதில்லை, சரக்குப் போக வெட்டினது. இந்த ஊரைப் புரிஞ்சுக்க இந்த ஒரு விஷயம் போதும். இங்கே தண்ணிதான் ரோடு.

எப்படிப் போறது?

சென்னை சென்ட்ரல்லருந்து ராத்திரி கிளம்பி, சேலம், ஈரோடு வழியா மறுநாள் பகல்ல ஆலப்புழாவிலேயே போய் நிற்கிற நேரடி எக்ஸ்பிரஸ் இருக்கு. திருச்சி, மதுரை, நெல்லை, நாகர்கோவில் ஆளுங்களுக்கு சென்னை எழும்பூர் - குருவாயூர் எக்ஸ்பிரஸ் ஆலப்புழா வழியாத்தான் போகுது. ஆனா, அது அங்கே போய்ச் சேர்றது நடுராத்திரிக்கு மேல. அந்த நேரத்துல கதவு திறக்கற ரூமை முன்னாடியே பேசி வெச்சுக்கங்க.

இங்கே ஒரு பொடி வெச்ச விஷயம் இருக்கு. எர்ணாகுளத்துக்கும் காயங்குளத்துக்கும் நடுவில் ரயில்பாதை ரெண்டாப் பிரியும். ஒண்ணு ஆலப்புழா வழி, இன்னொண்ணு கோட்டயம் வழி. ‘திருவனந்தபுரம் போற வண்டிதானே, ஆலப்புழாவுல நிக்காமலா போகும்?’னு ஏறினா, கோட்டயத்துல இறங்கி முழிப்பீங்க. புக் பண்ணும்போதே ரூட் பாருங்க.

ஆலப்புழா ரயில்வே ஸ்டேஷன் கடற்கரைப் பக்கம். போட் ஜெட்டி நாலைஞ்சு கிலோமீட்டர் தள்ளி ஊருக்குள்ள. கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டாண்டும் ஜெட்டியும் பக்கத்துல பக்கத்துல. ஆட்டோக்காரர் ‘நல்ல ரூம், நல்ல போட்’னு ஆரம்பிப்பார். சிரிச்சுட்டு டவுன் பஸ்ல ஏறிடுங்க.

எங்க தங்கறது?

ஜெட்டியைச் சுத்தி நடக்கற தூரத்துல சின்ன லாட்ஜ், வீட்டு மாடியையே வாடகைக்கு விடற ஹோம் ஸ்டே, பங்க் பெட் போட்ட ஹாஸ்டல் எல்லாம் கிடைக்குது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதல் வாரத்திலும் எல்லா ரேட்டும் தலைக்கு மேல போயிடும். பிப்ரவரியில கூட்டம் குறையும். ஜூன்ல இருந்து மழை. அப்போ ரேட் இறங்கும், ஆனா வானமும் சேர்ந்து இறங்கும்! சனி, ஞாயிறை விட்டுட்டு வாரநாள்ல போனா பேரம் பேசலாம்.

புக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. ஒண்ணு, ரூமுக்கு ரோடு இருக்கா, இல்ல தோணியில்தான் வரணுமா? தீவு மாதிரி இருக்கற ஹோம் ஸ்டே அழகுதான். ஆனா ராத்திரி ஒரு மாத்திரை வாங்கணும்னாகூட தோணிக்காரரை எழுப்பணும். ரெண்டு, ‘காயல் வியூ’ன்னு சொல்றாங்களே, அது ஜன்னல்லருந்தா, மொட்டை மாடியிலிருந்தா? எல்லாரும் ஐ.டி. கார்டு ஒரிஜினலா எடுத்துட்டுப் போங்க. காலேஜ் ஐ.டி. மட்டும் போதாது.

போட் ஹவுஸ் கணக்கு

இப்போ அந்தப் பெரிய கனவை ஒரு பேப்பர்ல போட்டுப் பார்ப்போம். போட் ஹவுஸுக்கு அடிப்படை ‘கெட்டுவள்ளம்’. ஆணி அடிக்காம, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டின சரக்குத் தோணி. ஒரு காலத்தில் நெல் ஏற்றினது. ரோடும் லாரியும் வந்ததும் வேலை போயிடுச்சு. 1990-கள்ல அதுக்குக் கூரை வேய்ந்து, கட்டில் போட்டு, டூரிஸ்ட்டை ஏத்த ஆரம்பிச்சாங்க.

ஒரு ராத்திரி பேக்கேஜ்னா வழக்கமா மதியம் 12 மணி வாக்கில் ஏறி, மறுநாள் காலை 9 மணி வாக்கில் இறங்கணும். இருபத்தோரு மணி நேரம்! ஆனா சாயங்காலம் அஞ்சரை மணிக்கு எல்லா போட் ஹவுஸும் கரையில் கட்டிடணும். அதுக்கப்புறம் மீனவர்கள் வலை விரிக்கிற நேரம். ஆக, நீங்க கொடுக்கற பல ஆயிரத்துல பெரும்பகுதி, கரையில கட்டிப்போட்ட ஒரு ஏ.சி. ரூமுக்கு. கல்யாணம் ஆனவங்க போகட்டும், நமக்கு எதுக்கு?

இல்ல, ஆசையா இருக்குன்னா, பத்துப் பேர் சேர்ந்து பகல் ட்ரிப் மட்டும் எடுங்க. மதியச் சாப்பாடும் வந்துடும், தலைக்கு விழற காசும் குறையும். படகை நேர்ல பார்த்துட்டு, எத்தனை மணி நேரம் ஓடும், சாப்பாட்டுல என்ன தருவாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.

டவுன் பஸ் ஏறலாம் வாங்க!

கேரள அரசுக்குன்னு ஒரு நீர்ப் போக்குவரத்துத் துறையே இருக்கு. 1968-ல் ஆரம்பிச்சது, தலைமையகம் ஆலப்புழாவிலேயே. ஜெட்டிக்குப் போனா போர்டுல ஊர் பேரும் நேரமும் இருக்கும். நெடுமுடி, புளிங்குன்னு, காவாலம், கைநகரி, கோட்டயம்... கண்டக்டர் வருவார், டிக்கெட் கிழிப்பார், சில்லறை இல்லைன்னா முறைப்பார். நம்ம ஊர் பஸ்ஸேதான்! கோட்டயம் வரைக்கும் ரெண்டரை மணி நேரப் பயணம். ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினா மீதி திரும்பி வரும்.

ஸ்டாப்பிங் எல்லாம் சின்னச் சின்ன மரத்துறை. மணி அடிக்கும், போட் ஒதுங்கும். மீன் கூடையோட ஒரு சேச்சி ஏறுவாங்க, காஸ் சிலிண்டரோட ஒரு சேட்டன் இறங்குவார். ஒரு வீட்டு வாசல்ல பல் தேய்ச்சுக்கிட்டு ஒரு குட்டிப் பையன் நிற்பான். வாத்துக் கூட்டம் ஒரு பக்கம் வழி விடாம நீந்தும். போட் ஹவுஸ் மாடியிலிருந்து இதையெல்லாம் தூரத்துல பார்க்கலாம். இங்கே அவங்க பக்கத்து சீட்ல நீங்க உட்கார்ந்திருப்பீங்க.

முதல்தடவைக்கு எந்த ரூட்? நெடுமுடி. போட்டுல போங்க, திரும்பும்போது ஆலப்புழா - சங்ஙனாசேரி ரோட்டுல பஸ் பிடிச்சு வந்துடலாம். ஒரே வழியில திரும்பி வர்ற போர் இல்லை, கடைசி போட்டை விட்டுடுவோமோங்கற பயமும் இல்லை.

‘விண்ணைத்தாண்டி வருவாயா’ ரசிகர்களா? அப்போ புளிங்குன்னு போட்டை விடாதீங்க. 2010-ல் வந்த அந்தப் படத்துல கார்த்திக் மூச்சு வாங்க வந்து நிற்கிற ஜெஸ்ஸியோட கல்யாண சர்ச், புளிங்குன்னு செயின்ட் மேரீஸ் சர்ச்தான். உள்ளே ஜெபம் நடந்தா செல்ஃபியை வெளியே வெச்சுக்கங்க.

கொஞ்சம் வசதியா, கைடு சொல்லச் சொல்லக் கேட்டுட்டுப் போகணும்னா அதே அரசுத் துறை ‘வேகா’, ‘சீ குட்டநாடு’ன்னு டூரிஸ்ட் போட்டும் விடுது. சில நூறு ரூபாய் ஆகும். டிக்கெட்டுக்கு முன்னாடியே ஜெட்டியில விசாரிங்க.

ஒரே ஒரு வேண்டுகோள். காலை எட்டுலருந்து ஒன்பதரை வரைக்கும், சாயங்காலம் ஸ்கூல் விடற நேரம், ரெண்டையும் தவிர்த்துடுங்க. அந்த நேரத்துல அது ஸ்கூல் பஸ். உங்க கேங் எட்டுப் பேர் ஜன்னலோரமா உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கிட்டிருந்தா, ஒரு அம்மா கைக்குழந்தையோட நின்னுக்கிட்டு வருவாங்க. காலையில ஆறரை, ஏழு மணி போட்டைப் பிடிங்க. பனி மூட்டம் விலகற அழகும் அப்பத்தான்.

சின்னக் கால்வாய்க்கு சின்னப் படகு

போட் ஹவுஸோ அரசு போட்டோ நுழைய முடியாத குறுகலான தோடுகள் நிறைய இருக்கு. (‘தோடு’ன்னா கம்மல் இல்லீங்க, மலையாளத்துல ஓடை, வாய்க்கால்!) அதுக்கு ஷிகாரா அல்லது துடுப்புத் தோணி. மணிக்கணக்கில் வாடகை. ஆள் கணக்கா, படகுக் கணக்கான்னு முதல்லயே தெளிவாக் கேளுங்க. நாலு பேர் பிரிச்சுக்கிட்டா ரெண்டு மணி நேரம் தாராளமா சுத்தலாம். மோட்டார் சத்தம் இல்லாத துடுப்புத் தோணி பெஸ்ட். நீர்க்காகம் இறக்கை காய வைக்கிறதை ஒரு அடி தூரத்துல பார்க்கலாம்.

வெள்ளம் கேட்டா தண்ணி தருவாங்க!

ஹோட்டல்ல ‘கொஞ்சம் வெள்ளம்’னு கேளுங்க, தண்ணி டம்ளர் வரும். நமக்கு வெள்ளம்னா ஊரே மூழ்கறது. அவங்களுக்கு வெறும் தண்ணி. நம்ம வெள்ளத்துக்கு அவங்க ‘வெள்ளப்பொக்கம்’ என்பாங்க. ‘எத்ரயா?’ன்னா எவ்வளவு. ‘ஈ போட்டு எவிடேக்கா?’ன்னா இந்த போட் எங்கே போகுது. ‘மதி’ன்னா போதும். ஊணுக்கு உட்காரும்போது இந்தக் கடைசி வார்த்தை ரொம்ப முக்கியம், இல்லைன்னா சோறு வந்துக்கிட்டே இருக்கும்!

இந்த ரெண்டு வெள்ளத்துக்கும் நடுவுலதான் குட்டநாட்டுக்காரங்க வாழறாங்க. போட் போகும்போது கரைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்க. நீங்க போற தண்ணி மேல இருக்கும், நெல் வயல் கீழே இருக்கும்! கடல் மட்டத்துக்கும் கீழே, ரெண்டு மீட்டர் ஆழம் வரைக்கும் பள்ளத்துல விவசாயம். வரப்பு கட்டி, தண்ணியை பம்ப் வெச்சு இறைச்சு வெளியே விட்டுட்டு நடவு செய்யறாங்க. 1940-கள்ல ஜோசப் முரிக்கன் என்ற விவசாயி காயலுக்குள்ளேயே சித்திரை, மார்த்தாண்டம், ராணின்னு மூணு பெரிய வயல்களை மீட்டெடுத்தார். இந்த விவசாய முறையை 2013-ல் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு உலக வேளாண் பாரம்பரியமா அங்கீகரிச்சுது. ஜனவரியில போனா பச்சை, மார்ச்சுல போனா தங்கம்.

2018 ஆகஸ்ட்டில் வரப்பு உடைஞ்சு, ஏறக்குறைய மொத்த குட்டநாடும் வீட்டைக் காலி பண்ணிட்டு முகாமுக்குப் போக வேண்டியதாச்சு. அவங்களை ஏத்திக்கிட்டு வந்ததும் இதே அரசு போட்டும், தோணியும், போட் ஹவுஸும்தான். இன்னொரு கொடுமை, சுத்தி இவ்வளவு தண்ணி இருந்தும் பல இடங்கள்ல குடிக்கறதுக்கு ஒரு சொட்டு கிடையாது. குடிநீர் படகுல வரணும். ஆனா பாத்திரம் கழுவறதும் துணி துவைக்கறதும் வாசல் தண்ணியிலதான். அதுல நம்ம சிப்ஸ் பாக்கெட்டை வீசினா அது கால்வாய்ல விழலை, ஒருத்தர் வீட்டு சமையல்கட்டுல விழுது. ஒரு பை வெச்சுக்கங்க, குப்பையை டவுனுக்குக் கொண்டு வந்து போடுங்க. துறையில குளிக்கறவங்க பக்கம் கேமராவைத் திருப்பாதீங்க. உங்க வீட்டு பாத்ரூம் ஜன்னல் வழியா யாராச்சும் எட்டிப் பார்த்தா எப்படி இருக்கும்?

வயித்துக்கு என்ன?

காலையில புட்டு - கடலை, இல்லை அப்பம் - முட்டைக் கறி. மதியம் ‘ஊணு’ போர்டு போட்ட சின்னக் கடை எதுவும் ஏமாத்தாது. சிவப்பரிசிச் சோறு, மீன் கறி, அவியல், மோர். குடும்பஸ்ரீ பெண்கள் நடத்துற கடை கண்ணுல பட்டா தைரியமா நுழைங்க. இந்தியன் காபி ஹவுஸ்ல காசும் கம்மி, யாரும் எழுந்து போன்னு விரட்டவும் மாட்டாங்க. சாயங்காலம் டீக்குப் பழம்பொரி.

கரிமீன் பொள்ளிச்சது? கண்டிப்பா சாப்பிடணும். ஆனா விலை மீன் சைஸுக்கு ஏத்த மாதிரி மாறும். மெனு கார்டுல விலை இல்லைன்னா, மீனைக் காட்டச் சொல்லி, விலை கேட்டுட்டு அப்புறம் வறுக்கச் சொல்லுங்க. ஒண்ணு வாங்கி நாலு பேர் பிச்சுக்கறதுல கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை!

காசு அதிகம் கேட்காத இடங்கள்

பீச்சுல 150 வருஷத்துக்கும் மேல பழசான கடல்பாலத்தோட தூண்கள் நிற்குது. கப்பல் வந்து போன காலத்தோட எலும்புக்கூடு. பக்கத்துலயே 1862-ல் கட்டின லைட் ஹவுஸ். சின்ன டிக்கெட், நிறைய படி. ஏறிட்டா ஒரு பக்கம் கடல், மறு பக்கம் தென்னங்காடு. கலவூர்ல கயிறு மியூசியம். ஆலப்புழாவோட முதல் கயிறு ஃபேக்டரி 1859-ல் வந்தது. வாசல்ல கால் மிதிக்கற பாய்க்குப் பின்னாடி இவ்வளவு கதையான்னு ஆச்சரியப்படுவீங்க.

பஸ்ல தெற்கே போனா அம்பலப்புழா கிருஷ்ணன் கோயில் பால் பாயசம். பசங்க சட்டையைக் கழற்றணும். பாயசம் சீக்கிரம் தீர்ந்துடும், நேரத்தோட போங்க. அங்கேருந்து பக்கத்துல கருமாடிக்குட்டன். கருங்கல் புத்தர், உடம்புல பாதி இல்லை. மீதி பாதியோட அமைதியா உட்கார்ந்திருக்கார்.

பாம்புப் படகு பார்க்கணுமா? 1952-ல் நேரு வந்தப்போ ஆரம்பிச்சது நேரு டிராபி போட்டி, புன்னமடைக் காயல்ல நடக்கும். ரொம்ப காலம் ஆகஸ்ட் ரெண்டாவது சனிக்கிழமைன்னு இருந்தது. 2018-ல் வெள்ளத்தால் நவம்பருக்கும், 2024-ல் வயநாடு நிலச்சரிவால் செப்டம்பருக்கும் தள்ளிப்போச்சு. 2025-ல் ஆகஸ்ட் 30. அதனால தேதி பார்த்துட்டு டிக்கெட் எடுங்க. அன்னிக்கு ரூம் வாடகை சும்மா இருக்காது!

இதை மட்டும் சீரியஸா படிங்க

2002 ஜூலை 27 அன்று முஹம்மாவிலிருந்து குமரகம் போன அரசு போட் வேம்பநாட்டுக் காயல்ல மூழ்கி 29 பேர் இறந்தாங்க. பி.எஸ்.சி. பரீட்சை எழுதக் கிளம்பினவங்க நிறையப் பேர் அதுல. உங்களை மாதிரி பசங்க. 2023 மே 7-ல் மலப்புறம் மாவட்டம் தானூர்ல டூரிஸ்ட் போட் கவுந்து 22 பேர். அளவுக்கு மீறி ஆள் ஏத்தினது அதுக்கு ஒரு முக்கியக் காரணம்.

அதனால கூட்டமா இருந்தா அடுத்த போட். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. தனியார் படகுல லைஃப் ஜாக்கெட் இல்லைன்னா ஏறாதீங்க. இருந்தா போடுங்க, போட்டோ நல்லா வராதுன்னு கழற்றாதீங்க. செல்ஃபிக்காக எல்லாரும் ஒரே பக்கம் சாயாதீங்க. கால்வாய் தண்ணி அமைதியாத் தெரியும், அடியில சேறு. நீச்சல் தெரிஞ்சவனையும் இழுக்கும். பந்தயம் கட்டிக் குதிக்கற வேலை வேண்டாம். குடிச்சுட்டு தண்ணிப் பக்கமே போக வேண்டாம். மழைக்காலத்துல கடல்ல கால் நனைக்கறதோட சரி.

ரெண்டரை நாள் பிளான்

முதல் நாள்: மதியம் ரூம், ஊணு. ஊருக்குள்ள கால்வாய்க் கரையோரம் நடை. மாலையில பீச், லைட் ஹவுஸ்.

ரெண்டாம் நாள்: விடிகாலை நெடுமுடி அல்லது புளிங்குன்னு போட். திரும்பி வந்து சாப்பாடு. மூணு மணிக்கு மேல துடுப்புத் தோணியில ரெண்டு மணி நேரம்.

மூணாம் நாள்: பையைத் தூக்கிட்டு கோட்டயம் போட்டுல ஏறுங்க. ஆகாயத்தாமரை அடைச்சுக்கிட்டாலோ வேற காரணத்தாலோ சில சமயம் காஞ்ஞிரத்தோட நிறுத்திடுவாங்க, ஏறும்போதே கேட்டுக்கங்க. நிறுத்தினா மீதி தூரம் பஸ். கோட்டயத்துலருந்து சென்னைக்கு ரயில் இருக்கு. எப்படியும் ஊருக்குத் திரும்பணும், அதையே ஒரு படகுப் பயணமா மாத்திட்டோம் பாருங்க! போட்டுக்கும் ரயிலுக்கும் நடுவுல மூணு மணி நேரமாவது விட்டுக்கங்க.

மொத்தத்துல ரயில் டிக்கெட், ரூம், சாப்பாடு இந்த மூணுக்குத்தான் உண்மையான செலவு. அரசு போட்டுக்கு மட்டும் கணக்குப் பார்த்தா, மூணு நாளும் சேர்த்து ஒரு மல்டிப்ளெக்ஸ் டிக்கெட் காசு தாண்டாது.

நாளைக்கே கேன்டீன்ல பேச்சை எடுங்க. நாலு பேருக்கு மேல கூட்டணி சேர்த்தா தோணி கவுந்துடும், அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. முதல் போட்டுல ஏறினதும் கண்டக்டருக்குச் சில்லறை ரெடியா வெச்சிருங்க. ஒரு சிரிப்பு இலவசமாக் கிடைக்கும்!